கீழ்வீட்டுக்காரர் பார்க்கும் சுவர்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் சரிவில் கட்டிய பல வீடுகளில் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் மேல்வீட்டின் தடுப்புச் சுவர் நிற்கும். கருங்கல், சிமென்ட், இடுக்குகளில் பாசி, எங்கிருந்தோ வந்து வேர்பிடித்த ஒரு பெரணி. ஐப்பசி பிறந்துவிட்டால் சுவரின் நடுவயிற்றில் ஓர் ஈரத்திட்டு தோன்றும். அது மார்கழிவரை காயாது. அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே கீழ்வீட்டில் ஒரு பெண் இருபது முப்பது வருடம் பாத்திரம் துலக்கியிருப்பாள். மேல்வீட்டில் இருப்பவர்கள் அதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது முற்றத்தின் விளிம்பு. கொடியில் துணி காய்கிறது, ஓரத்தில் ரோஜாத் தொட்டிகள், மூலையில் தண்ணீர்த் தொட்டி, இடம் மிஞ்சினால் ஒரு கார். சுவருக்குப் பணம் கொடுத்தவர் அதன் தலையில் நிற்கிறார். அது விழுந்தால் மாட்டிக்கொள்பவர் அதன் காலடியில் படுத்துத் தூங்குகிறார். மலை ஊர்களில் இது எவ்வளவு பழகிப்போன ஏற்பாடு என்றால், இதில் உறுத்துவதற்கு ஏதாவது இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

உறுத்த வேண்டிய விஷயம்தான். ஏனென்றால் தடுப்புச் சுவர் எதைத் தடுக்கிறது, யாருக்காகத் தடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சுவரைக் கட்டியவர் ஒரு பதிலும் அதற்குக் கீழே வாழ்பவர் வேறொரு பதிலும் வைத்திருக்கிறார்கள்.

சரிவில் மனை வாங்கியவரின் முதல் ஆசை சமதளம். மலையில் சமதளம் கிடைக்காது. அதைச் செய்துதான் ஆக வேண்டும். மேல்பாதியைக் குடைந்து, அந்த மண்ணைக் கீழ்பாதியில் கொட்டி நிரவினால் நடுவில் ஒரு தட்டை வரும். குடைந்த பக்கத்தில் ஒரு சுவர், கொட்டிய பக்கத்தில் ஒரு சுவர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தன்மையில் வேறானவை. குடைந்த பக்கத்தில் இருப்பது காலங்காலமாக அங்கேயே படிந்து இறுகிய மண். கொட்டிய பக்கத்தில் இருப்பது நேற்று பொக்லைன் தள்ளிவிட்ட, உதிரியான, காற்றிடைவெளி நிறைந்த மண். அரையடிக்கு அரையடி தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கீழ்வீட்டுக்கு மேலே நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைச் சுவர்தான். நீலகிரியில் அடியில் இருப்பது சார்னகைட் என்னும் கடினப்பாறை. அதன்மேல் அதே பாறை மக்கி உருவான செம்மண், பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு. மழை செம்மண்ணுக்குள் இறங்கி, கீழே இறங்க வழியில்லாத இடத்தில் தங்கி, மண்ணைக் கனக்கச் செய்து இளக்குகிறது. 1978, 1993, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரும் சரிவுகள் நவம்பரில்தான் நடந்தன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள்.

மண் எவ்வளவு தள்ளும் என்பதற்குக் கணக்கு உண்டு. மின்னியல் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் கூலும், மின்னியலுக்கு வருவதற்கு முன்பு பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1764இலிருந்து 1772வரை மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டியவர். அங்கே கண்டதையெல்லாம் வைத்து 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். சுவர் சற்றே நகர்ந்தால் பின்னாலிருக்கும் மண் முழுதும் சேர்ந்து வராது, ஒரு சாய்தளத்தில் பிளந்து ஆப்பு வடிவில் சரியும். அந்த ஆப்பைத் தாங்கும் அளவுக்குச் சுவர் இருந்தால் போதும் என்பது அவர் கண்டது. இன்றுவரை பொறியாளர்கள் அதன் மீதுதான் நிற்கிறார்கள். அந்தக் கணக்கின்படி பத்தடி உயரச் சுவரை, காய்ந்த சாதாரண மண், நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். அதே சுவரின் பின்னால் மேல்மட்டம்வரை தண்ணீர் தேங்கினால் விசை ஏறத்தாழ 6 டன்னாகிறது. மண் கூடவில்லை, சுவர் மாறவில்லை. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போனது மட்டும்தான் வித்தியாசம். உயரமும் இப்படித்தான் ஏமாற்றும். சுவரின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் முறுக்கம் எட்டு மடங்காகும். ஐந்தடிச் சுவரை நன்றாகக் கட்டத் தெரிந்தவர், அதே கையோடு பத்தடிச் சுவரையும் கட்டிவிடலாம் என்று நம்பும் இடத்தில்தான் பல வீடுகளின் கதை கெடுகிறது.

சுவர் பலமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சுவர் ஒழுக வேண்டும். நல்ல தடுப்புச் சுவர் மழையில் அழ வேண்டும். அழாத சுவரைத்தான் அஞ்ச வேண்டும்.

அனுபவம் உள்ள ஒரு கல்கட்டுக் கொத்தனார் வேலை செய்வதை அருகே நின்று பார்த்தால் இது விளங்கும். வானம் தோண்டியதும் அவர் அடியைச் சமமாக வெட்டமாட்டார்; மலைப்பக்கம் சற்றுத் தாழும்படி வெட்டுவார், அடிக்கல்லே உள்நோக்கிச் சாய்ந்து உட்காரும். உயரத்தில் பாதி அளவாவது அடியில் அகலம் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் முதல்நாளே சொல்லிவிடுவார். கல்லைக் கையில் எடுத்ததும் வைத்துவிடுவதில்லை. ஒருமுறை புரட்டுவார், உள்ளங்கையால் தடவி எந்த முகம் படுக்கும் என்று பார்ப்பார், சுத்தியலால் ஒரு மூலையை மட்டும் தட்டி உதிர்ப்பார். கல்லின் நீளம் சுவரின் உள்ளே போக வேண்டும்; அழகுக்காக நீளவாக்கை வெளியே காட்டினால் அது தோலாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஒருநாள் உரிந்து விழும். சில அடிகளுக்கு ஒன்று, முன்முகத்திலிருந்து பின்முகம்வரை போகும் நீளக்கல்லைக் குறுக்கே போட்டுச் சுவரின் இரண்டு பக்கத்தையும் பூட்டுவார். கல் ஆடினால் சிமென்ட்டை அள்ளி அப்பாமல், சில்லு தேடி அடியில் செருகி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் கலவையைத் தொடுவார். சுவரின் முதுகில், மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே, ஓரடி அகலத்துக்கு வெறும் உடைகல் நிரப்பச் சொல்வார். இடையிடையே நாலங்குலக் குழாய், வெளிப்பக்கம் சற்றுத் தாழ. அந்த உடைகல் அடுக்குதான் உயிர்நிலை. மலையிலிருந்து வரும் தண்ணீர் சுவரைத் தொடுவதற்கு முன் அதில் இறங்கிக் குழாய் வழியே வெளியே போய்விடும்.

செலவைக் குறைக்கும்போது முதலில் போவதும் அந்த உடைகல்தான். வீட்டுக்கடனில் ஒரு பெரும்பகுதி சுவருக்கே போய்விட்டது. இன்னும் இரண்டு லோடு ஜல்லி மலையேற்ற வேண்டும் என்றால் வீட்டுக்காரருக்கு மனம் வராது. சுவரின் முகம் எல்லோருக்கும் தெரியும், முதுகு யாருக்கும் தெரியாது. ஆகவே தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, உடைந்த செங்கல், சிமென்ட் பை, பழைய ஓடு எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறார்கள். குழாய்களின் வாய் மட்டும் வெளியே தெரியும். அவற்றின் மறுமுனை களிமண்ணில் புதைந்து அடைத்திருக்கும். அப்படிப்பட்ட குழாயில் எவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு வராது. பார்ப்பவர்கள் சுவர் உலர்ந்து உறுதியாக இருக்கிறது என்று நினைப்பார்கள். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே இந்தியத் தர நிறுவனம் 1990களின் இறுதியிலிருந்து வழிகாட்டி நெறிகள் வைத்திருக்கிறது, ஐ.எஸ். 14458 என்ற எண்ணில். மூன்று சென்ட்டில் வீடு கட்டும் எத்தனை பேரின் கைக்கு அது வந்திருக்கும்?

குழாய் ஒழுங்காக வேலை செய்தாலும் பிரச்சினை முடிவதில்லை, இடம் மாறுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே விழும்? கீழ்வீட்டின் கொல்லையில், துவைகல்லின் மீது, கோழிக்கூண்டின் மேல். மேலே சோப்புத் தண்ணீர் விட்டால் அதுவும் அதே வழியில் வரும். செம்மண் கலங்கலாய்ச் சுவரில் வழிந்து, படிக்கட்டில் பாசி பிடிக்கவைக்கும். மூன்று மழைக்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் பழந்துணியையும் சிமென்ட்டையும் வைத்து அந்த ஓட்டைகளை அடைத்துவிடுகிறார். மலை ஊர்களில் இது நடக்கிற விஷயம். அவர்மீது கோபப்படுவது எளிது. ஆனால் ஒரு மனிதர் தன் தலைக்கு மேலிருக்கும் ஆபத்தைத் தன் கையாலேயே பெருக்கிக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பதல்லவா அதன் பொருள்? மேலே சுவர் கட்டியவர் ஒருநாளாவது இறங்கி வந்து, ‘அண்ணே, இந்த ஓட்டைய மட்டும் அடைச்சுறாதீங்க, தண்ணி போக கீழ ஒரு வாய்க்கா நானே வெட்டித் தர்றேன்’ என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு பேச்சுக்கு இரு வீட்டுக்கும் நடுவில் வழி இல்லாமல் இருக்கிறது.

சட்டம் இந்த உறவை வெகுகாலம் முன்பே யோசித்திருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7ஆம் பிரிவின் உதாரணங்களில் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று, ஒருவரின் நிலம் இயற்கையான நிலையில் இருக்கும்வரை, அதற்குப் பக்கத்து நிலமும் அடிநிலமும் தரும் தாங்கலைப் பெற அவருக்கு உரிமை உண்டு. மற்றொன்று, மேல்நிலத்தில் இயல்பாகப் பெய்து ஓடும் நீரைக் கீழ்நிலத்துக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் நியாயமானவை; வயலை மனத்தில் வைத்து எழுதினால் குறைசொல்ல முடியாதவை. ஆனால் சரிவில் நின்று படித்தால் இரண்டும் பெரும்பாலும் மேலே இருப்பவரின் பக்கமே பேசுகின்றன. கீழே இருப்பவர் தன் மேட்டை வெட்டி மேல்நிலத்தின் தாங்கலைக் கெடுக்கக் கூடாது. வரும் தண்ணீரையும் மறிக்கக் கூடாது. இயற்கையான நிலையில் இல்லாத நிலத்தை, அதாவது கொட்டி நிரவி, மேலே காரும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிய நிலத்தைப் பற்றி அந்த உதாரணங்கள் பேசவில்லை. சுவர் விழுந்த பிறகு நட்டஈடு கேட்க வழக்குமன்றம் இருக்கிறது. விழுவதற்கு முன் அதன் முதுகில் என்ன இருக்கிறது என்று கேட்க எளிய வழி எதுவும் கீழ்வீட்டுக்காரரிடம் இல்லை.

2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலையில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் நடூரில் நடந்ததை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தொடர்மழையில் ஊறிய, ஏறத்தாழ இருபதடி உயரக் கருங்கல் சுவர் ஒன்று ஆதிதிராவிடர் குடியிருப்பின் ஓட்டு வீடுகள் மீது சாய்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அது வீட்டுச் சுற்றுச்சுவர், மண் தாங்கும் தடுப்புச் சுவர் ஆகாது என்று கட்டுமான இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். அதன் அடியில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வேறுபாடு எதற்கும் உதவவில்லை. சுவரைப் பற்றித் தாங்கள் முன்பே புகார் சொல்லிவந்ததாக அந்த மக்கள் அப்போது சொன்னார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அவர்கள் அழைத்தார்கள். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் சம மரியாதையோடு பேசிக்கொள்ளும் ஊராக இருந்திருந்தால் அந்தச் சுவர் அவ்வளவு உயரம் எழும்பியிருக்குமா, எழும்பினாலும் அவ்வளவு நாள் அப்படியே நின்றிருக்குமா என்ற கேள்வியை எந்தப் பொறியியல் கணக்காலும் தள்ளிவிட முடியாது. சரிவு நிலத்தில் மட்டும் இருப்பதில்லை.

இன்னொரு மரணமும் இருக்கிறது, அது மழையே இல்லாத நாளில் நடந்தது. 2024 பிப்ரவரி 7ஆம் தேதி, உதகைக்கு அருகே லவ்டேலில் ஒரு வீட்டுப் பணிக்காகத் தடுப்புச் சுவர் எழுப்ப மண் தோண்டிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த பழைய பொதுக் கழிப்பிடக் கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். சரிவைக் காக்கப்போகும் சுவருக்காகத்தான் அவர்கள் குழியில் இறங்கியிருந்தார்கள். ஒரு சரிவு அதன் வாழ்நாளிலேயே மிகப் பலவீனமாக இருப்பது சுவர் இல்லாத காலத்தில் அல்ல. சுவருக்காக அதன் காலை வெட்டி எடுத்து, இன்னும் கல் வைக்காத அந்த இடைப்பட்ட நாட்களில். அந்த நாட்களில் அங்கே நிற்பவர்கள் மண் சுமக்கும் சித்தாள்கள். மொத்த நீளத்தையும் ஒரேயடியாகச் செங்குத்தாக வெட்டாமல், ஆறடி எட்டடியாகத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டில் கட்டி ஏற்றிய பிறகு அடுத்ததைத் தொடுவது பழைய முறை. அதற்கு நாட்கள் பிடிக்கும். பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒரே பகலில் வெட்டி முடித்துவிடத் துடிப்பது அந்த வாடகைதான்.

சுவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நேராக எதிர்கொண்ட ஊர் ஒன்று உண்டு, ஹாங்காங். செங்குத்து மலையும் அடைமழையும் நெரிசலும் சேர்ந்த நகரம். 1972 ஜூனில் ஒரே நாளில் இரண்டு மண்சரிவுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1976இல் மீண்டும் 18 பேர். 1977இல் சரிவுகளைக் கண்காணிக்க ஒரு தனி அரசு அலுவலகம் அமைத்தார்கள். அதன் பிறகும் 1994 ஜூலை 23ஆம் தேதி, குவுன் லுங் லாவ் குடியிருப்பில் ஒரு பழைய கல்சுவர் விழுந்து ஐந்து பேர் மாண்டார்கள். விசாரணையில் தெரிந்தது: சுவர், எல்லோரும் எண்ணியிருந்ததைவிட மெல்லியது, அதன் பின்னால் புதைந்திருந்த வடிகால் குழாய்கள் கசிந்து மண்ணை ஊறவைத்திருந்தன. ஆண்டுக்கணக்காக எல்லோர் கண்முன்னும் நின்ற சுவரின் கனம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்நகரம் மனிதர் வெட்டிய சரிவுகளையும் தடுப்புச் சுவர்களையும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தது. இன்று சுமார் 60,000 பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆபத்தான தனியார் சுவர் என்றால் சோதித்துச் சரிசெய்யும்படி உரிமையாளருக்கு ஆணை போகும். பணக்கார நகரத்தால் முடியும், நமக்கு எப்படி முடியும் என்று கேட்கலாம். ஒரு சுவருக்கு எண் இட்டு, உயரத்தையும் கட்டிய ஆண்டையும் உரிமையாளர் பெயரையும் எழுதிவைக்க ஒரு நகராட்சிக்கு ஆகும் செலவு பெரிதல்ல. நீலகிரியில் வீட்டின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று பல ஆண்டுகளாக விதி இருக்கிறது. வீட்டை அளக்கும் அதே நாடாவால் வீட்டைத் தாங்கும் சுவரையும் அளக்கலாம்.

பெரிய சுவரே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பன்னிரண்டடிச் சுவர் ஒன்றுக்குப் பதில் நாலடிச் சுவர் மூன்றைப் படிப்படியாகக் கட்டினால் மொத்த விசை மூன்றில் ஒன்றாகக் குறையும். படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் பழைய வீடுகள் மலையின் போக்கை ஒட்டி வரிசையாக, தாழ்வாக அமைந்திருப்பதைப் பார்த்தால் இந்த அறிவு மலைக்குப் புதிதில்லை என்பது தெரியும். படிகளில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் பத்தடிக்கு மேல் நேராக இறங்கி மண்ணைப் பிடிக்கும். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். ஒரு சுவரின் பாரம் அடுத்ததன்மீது விழாதிருக்க, இரண்டுக்கும் நடுவே கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். மூன்று படிகளுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள், பதினாறடி. இரண்டு சென்ட் மனை என்பது 871 சதுர அடி, சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு முப்பதடிகூட இல்லை. படி வெட்டியே பாதி மனை போய்விடும். பெரிய தோட்டத்தோடு பங்களா வைத்திருப்பவருக்குத் தாழ்ந்த சுவர் எளிது. தேயிலைத் தோட்ட வேலையை விட்டு, சேமிப்பையெல்லாம் போட்டு இரண்டு சென்ட் வாங்கியவருக்கு உயரச் சுவரைத் தவிர வழி இல்லை. அவர்மீது எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நகர்வது சரியல்ல. அவ்வளவு செங்குத்தான இடத்தை இரண்டு சென்ட்டாகக் கூறுபோட்டு விற்றவரையும், அதற்கு வரைபட அனுமதி தந்தவரையும் கேட்காமல் சுவரை மட்டும் கேட்பது பாதிக் கேள்வி.

ஆனாலும் அந்தக் கேள்விகளுக்கு விடை வரும்வரை மழை காத்திருக்காது. சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் இந்தப் புரட்டாசிக்குள் ஒரு காரியம் செய்ய வேண்டும்: தங்கள் சுவரைக் கீழ்வீட்டின் கொல்லையில் நின்று பார்க்க வேண்டும். வயிறு தள்ளியிருக்கிறதா, குறுக்காக வெடிப்பு ஓடுகிறதா, தூக்குக் குண்டு விட்டால் தலை வெளியே வருகிறதா என்று பாருங்கள். குழாய்களுக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். களிமண் வந்தால் அது அடைத்த குழாய். மேலே வந்து, முற்றத்துத் தரையில் சுவருக்கு இணையாகக் கீறல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதைச் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள்; சுவரின் தலையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் காரையும் அன்றைக்கே நகர்த்திவிட்டுப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூரைத் தண்ணீரைச் சுவரின் முதுகில் இறங்க விடாமல் குழாய் போட்டு ஓடைக்குக் கொண்டுபோங்கள். இதையெல்லாம் பார்க்கும்போது கீழ்வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சுவரை உங்களைவிட அதிக நாள் பார்த்தவர் அவர். எந்த இடத்தில் எந்த மாதம் ஈரம் வரும் என்று அவருக்குத் தெரியும்.